சென்னை பெரிய வக்கீலா, லேபர் கோர்ட் வக்கீலா?

போன இதழ்ல கிராஜுவிட்டி பத்தி எழுதினதுக்கப்புறம் வந்த லெட்டர்ல பாதிக்கு மேல ஒரே கேள்விதான், "வேலை விஷயத்துக்கு நல்ல வக்கீல் யாருக்கா, பேர் சொல்லுங்க"ன்னு. பேர் சொல்ல மாட்டேன். வக்கீலுங்க விளம்பரம் பண்ணக்கூடாதுன்னு பார் கவுன்சில் ரூல் இருக்கு, நான் இங்க ஒருத்தர் பேரைப் போட்டா அதுவும் விளம்பரந்தான். நான் வக்கீலும் இல்ல, சங்க ஆபீஸ்ல ரொம்ப காலம் மனு டைப் அடிச்சு தொழிலாளிங்ககூட கோர்ட் வாசல்ல நின்னவ, அவ்வளவுதான். அங்க பார்த்ததை வச்சு சொல்றேன்.

கேள்வி: அக்கா, கோத்தகிரி பக்கம் ஒரு பாட்லீஃப் ஃபேக்டரில (வெளியில பச்சைத் தேயிலை வாங்கி டீத்தூள் பண்ற ஃபேக்டரி) 11 வருஷமா ரோலர் ரூம்ல வேலை. போன தீபாவளிக்கு, 2025ல, போனஸ் கேட்டு சூப்பர்வைசர்கூட வாக்குவாதம் ஆச்சு, மறுநாள் கேட்லயே நிறுத்திட்டாங்க. ஆர்டர் எதுவும் குடுக்கல. மச்சான் சென்னைல ஹைகோர்ட் சீனியர் ஒருத்தரைப் பிடிக்கலாங்கிறார். இங்க ஒரு வக்கீல் ஃபீஸே வேணாம், வர்ற பணத்துல மூணுல ஒரு பங்கு குடுன்னு கேக்குறார். யாருகிட்ட போறது? (பேர் வேண்டாம், கோத்தகிரி)

பதில்: தம்பி, ரெண்டு பேருகிட்டயும் வேணாம்.

பங்கு கேக்குறவரை முதல்ல விடுங்க. ஜெயிச்சா இவ்வளவு பங்குன்னு பேசி கேஸ் எடுக்கக்கூடாதுன்னு நம்ம நாட்டுல வக்கீல்களுக்கு ரூலே இருக்கு. கையில காசு இல்லாத நேரத்துல கேக்க நல்லாத்தான் இருக்கும், ஆனா நாளைக்கு கம்பெனி ஒரு சின்ன தொகையை நீட்டினா "வாங்கிட்டு முடிச்சுக்கலாம்"னு உங்களை அமுக்குறது அவராத்தான் இருப்பார், ஏன்னா வேலை திரும்பக் கிடைச்சா அதுல அவருக்குப் பங்கு வராது பாருங்க.

சென்னை சீனியர் பத்தி. சீனியர் அட்வகேட்ங்கிறது ஹைகோர்ட்டோ சுப்ரீம் கோர்ட்டோ குடுக்குற பட்டம், அவர் நேரா உங்ககிட்ட வக்காலத்து வாங்கி கேஸ் நடத்த முடியாது, நடுவுல இன்னொரு வக்கீல் இருந்தே ஆகணும், ரெண்டு ஃபீஸ். உங்க கேஸ் இப்போ ஹைகோர்ட்டுக்கே போகாது. முதல்ல குன்னூர்ல லேபர் ஆபீஸ், சமரச அதிகாரி. அங்க பேசி முடியலன்னா கீழ கோயம்புத்தூர் லேபர் கோர்ட். ஹைகோர்ட் அதுக்கெல்லாம் அப்புறம். லேபர் கோர்ட்ல ஜெயிக்கிறது பெரிய இங்கிலீஷ்ல இல்ல, குறுக்கு விசாரணைல இருக்கு. ஃபேக்டரி மேனேஜர் கூண்டுல நின்னு "அவரா வேலைக்கு வர்றதை நிறுத்திக்கிட்டார்"னு சொல்றப்போ, வருகைப் பதிவேட்டைக் கொண்டு வாங்கன்னு கேட்டு, கொண்டு வந்ததும் ஒவ்வொரு பக்கமா புரட்டி அந்த மாசத்து மை மட்டும் ஏன் வேற கலர்ல இருக்குன்னு கேக்குற ஆள் வேணும். அந்த வேலையைத் தானே உக்காந்து செய்றவரா, ஜூனியரை அனுப்பி வாய்தா வாங்குறவரான்னு பாருங்க. ஒருநாள் மேட்டுப்பாளையம் பஸ்ஸைப் பிடிச்சு கீழ போய் லேபர் கோர்ட் வராண்டால காலைல உக்காந்தீங்கன்னா மதியத்துக்குள்ள தெரிஞ்சிரும், யார் சாட்சி நடத்துறாங்க, யார் தேதி மட்டும் வாங்குறாங்கன்னு. இதைவிட நல்ல விசாரிப்பு எனக்குத் தெரிஞ்சு கிடையாது.

அவர்கிட்ட போனதும் ஒரு கேள்வி கேளுங்க, "சார், என் கேஸ் பழைய சட்டத்துலயா புதுசுலயா?" 2025 நவம்பர் 21லேர்ந்து நாலு தொழிலாளர் சட்டத் தொகுப்பு அமலுக்கு வந்திருக்கு, உங்களை நிறுத்தினது அதுக்கு முன்னாடி தீபாவளி சமயத்துல. பழைய தொழில் தகராறு சட்டம் 1947ல வேலை நீக்கத்துக்கு லேபர் கோர்ட் போக 3 வருஷம் டயம் இருந்துச்சு, புதுசுல சமரச அதிகாரி 2 வருஷம் தாண்டின தகராறை எடுக்க மாட்டார். எது உங்களுக்குப் பொருந்தும்ங்கிறதை வக்கீல்தான் பார்த்து சொல்லணும், நிறுத்தின தேதியைக் கேக்காமலே டக்குனு பதில் சொல்றவர்கிட்ட டீ குடிச்சுட்டு எந்திரிச்சு வந்துருங்க. நீங்க சின்ன கெடுவையே மனசுல வச்சுக்கிட்டு ஓடுங்க.

அதுக்கு முன்னாடி இன்னைக்கே ஒரு வேலை. "வேலைக்கு வந்தேன், கேட்ல நிறுத்திட்டாங்க, இன்னமும் வேலை செய்யத் தயாரா இருக்கேன், வேலை குடுங்க"ன்னு நாலு வரி எழுதி, கம்பெனி வாங்கிக்கிட்டதுக்கு அத்தாட்சி கிடைக்கிற மாதிரி தபால்ல போடுங்க (ரிஜிஸ்டர் தபாலை 2025ல ஸ்பீட் போஸ்ட்டோட சேத்துட்டாங்க, அதனால போஸ்ட் ஆபீஸ்ல அத்தாட்சியோட வேணும்னு வாய்விட்டுக் கேளுங்க). ஆர்டர் இல்லாம வாயால நிறுத்துற ஃபேக்டரி எல்லாம் பின்னாடி சொல்றது ஒண்ணே ஒண்ணுதான், அவனா நின்னுட்டான்னு. இத்தனை மாசம் லெட்டர் போடாம இருந்தீங்கல்ல, அது அவங்களுக்கு சாதகம். இனிமே ஒரு நாளும் தள்ளாதீங்க.

சமரசப் பேச்சுல வக்கீல் ஆஜராக முடியாது, சங்கத்துக்காரங்க வரலாம். அப்போ வக்கீலே வேணாமான்னா, மனு எழுதறதுக்கு வேணும். குன்னூர்ல குடுக்குற அந்த முதல் மனுவுல என்ன எழுதுறீங்களோ அதையே மூணு வருஷம் கழிச்சு எதிர்த்தரப்பு வக்கீல் உங்க மூஞ்சிக்கு நேரா நீட்டுவார். அதுல ஒரு தேதி மாறிப் போச்சுன்னா அதை வச்சே அரை நாள் ஆட்டி வைப்பாங்க. மனு குடுத்து 45 நாள்ல பேச்சு முடியலன்னா நேரா கோர்ட்டுக்குப் போகலாம், அரசாங்கம் அனுப்பற வரைக்கும் காத்திருக்க வேணாம்.

கிராஜுவிட்டி தனி. இது கேஸ் முடியறவரைக்கும் காத்திருக்கணும்னு இல்ல, வக்கீல் இதையும் அதையும் ஒண்ணா உருட்டினா கேள்வி கேளுங்க. ஆனா வேலையே திரும்ப வேணும்னு கேக்குறவர் கிராஜுவிட்டியை வாங்கும்போது "உரிமையை விட்டுக்குடுக்காம வாங்குறேன்"னு எழுதித்தான் வாங்கணும், இதை உங்க வக்கீல் தானாவே சொன்னார்னா நல்ல வக்கீல்னு வச்சுக்கலாம். கணக்கு சுலபம், கடைசி மாச சம்பளத்தை 26ஆல வகுத்து, 15ஆல பெருக்கி, வருஷத்தால பெருக்கணும். சம்பளம் 13,000னா நாளுக்கு 500, 15 நாளுக்கு 7,500, 11 வருஷத்துக்கு 82,500. இதைவிடக் குறைச்சு நீட்டி "ஃபுல் செட்டில்மெண்ட், இனி எந்தப் பாக்கியும் இல்ல"ன்னு கையெழுத்து கேட்டா போடாதீங்க.

கேள்வி: கொடைக்கானல்ல ஒரு ரிசார்ட்ல ரிசப்ஷன்ல இருக்கேன் அக்கா, ரெண்டு வருஷமாச்சு. இப்போ ஆறு மாசம். "சீசன் டைம்ல இப்படி நின்னா கெஸ்ட் என்ன நினைப்பாங்க, நீயே எழுதிக் குடுத்துட்டுப் போ, பெறகு பார்த்துக்கலாம்"னு மேனேஜர் சொல்றார். வக்கீலுக்குக் குடுக்க என்கிட்ட பணம் இல்ல. (ஒரு தங்கை, கொடைக்கானல்)

பதில்: எழுதிக் குடுக்காதேம்மா. எது நடந்தாலும் உன் கையால ராஜினாமா எழுதாதே, அது ஒண்ணு போயிட்டா எவ்வளவு பெரிய வக்கீல் வந்தாலும் பாதி கேஸ் போச்சு. பிரசவத் தேதிக்கு முந்தின 12 மாசத்துல 80 நாள் வேலை பார்த்திருந்தாலே முதல் ரெண்டு குழந்தைக்கும் 26 வாரம் சம்பளத்தோட லீவு உண்டு, அந்த லீவுல இருக்கறப்போ வேலையை விட்டு எடுக்கறதே சட்டப்படி செல்லாது. லீவு எப்போலேர்ந்து வேணும்னு எழுத்துல குடு, மெயில்லயும் அனுப்பு, மேனேஜர் வாட்ஸ்அப்ல ஏதாவது அனுப்பியிருந்தா அழிச்சிராம போனை மாத்தாம வச்சுக்கோ.

பணம் இல்லன்னு பயப்படாதே. இலவச சட்ட உதவிக்கு பொம்பளைங்களுக்கு வருமான வரம்பே கிடையாது, 1987 சட்டத்துல அப்படித்தான் இருக்கு. எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறனாளி, ஃபேக்டரித் தொழிலாளி இவங்களுக்கும் அப்படியே. (மேல கேட்ட கோத்தகிரி தம்பி, உங்களுக்கும் சேத்துத்தான்.) கொடைக்கானல் கோர்ட்ல போய் சட்டப் பணிகள் குழு எங்கன்னு கேளு, இல்ல 15100க்கு போன் போடு. இலவச வக்கீல்னா ஏனோதானோன்னு இருப்பாங்கன்னு ஒரு பேச்சு இருக்கு, சில பேர் அப்படித்தான், இல்லன்னு சொல்லல. சரியில்லன்னா வேற வக்கீல் போடச் சொல்லி அங்கயே மனு குடுக்கலாம், பெரும்பாலானவங்க அது தெரியாம வீட்ல உக்காந்து புலம்புறாங்க. ஹைகோர்ட் வரைக்கும் போச்சுன்னா திண்டுக்கல் மாவட்டத்துக்கு மதுரைக் கிளைதான், நீலகிரிக்காரங்க மாதிரி சென்னைக்கு ஓட வேண்டியதில்ல.

எவ்வளவு நாள் ஆகும்னு நீ கேக்கல, ஆனா கேப்பே. உங்க ஊர் தெர்மாமீட்டர் ஃபேக்டரி 2001ல மூடினாங்க, பாதரசத்துல பாதிக்கப்பட்டோம்னு பழைய தொழிலாளிங்க 591 பேருக்கு, அதை நடத்தின ஹிந்துஸ்தான் யூனிலீவர் கம்பெனிகூட சமரசம் ஆனது 2016ல. அது பெரிய கேஸ், உன்னோடது அவ்வளவு இழுக்காது, இருந்தாலும் "மூணே மாசத்துல முடிச்சுத் தர்றேன்"னு எவராவது சொன்னா நம்பாதே.

கேள்வி: அருவங்காடு ஃபேக்டரில கான்ட்ராக்ட்ல இருக்கேன். கான்ட்ராக்டர் ரெண்டு மாச சம்பளம் பாக்கி. குன்னூர் லேபர் ஆபீஸ்ல எங்க லிமிட் இல்லன்னு அனுப்பிட்டாங்க. (வெலிங்டன் வாசகர்)

பதில்: அவங்க சொன்னது சரிதாண்ணே. மத்திய அரசு நிறுவனம், அதனால மத்திய லேபர் கமிஷனர் ஆபீஸ்தான், தகராறு முத்தினா சென்னைல இருக்குற மத்திய தீர்ப்பாயம். ஸ்டேட் கேஸ் மட்டும் நடத்துற வக்கீலுக்கு இந்த வழி பழக்கம் இருக்காது, கேட்டுட்டுப் பிடிங்க. கான்ட்ராக்டர் குடுக்கலன்னா ஃபேக்டரி நிர்வாகம்தான் சம்பளத்தைக் குடுத்தாகணும், வெறும் சம்பளப் பாக்கிக்கு வக்கீல் நோட்டீஸே அதிகம், முதல்ல புகார் குடுங்க.

கேள்வி: கூடலூர் பக்கம் எஸ்டேட்ல வேலை பாக்குற பணியர் பழங்குடிப் பையன் ஒருத்தன், கூலி கேட்டதுக்கு எல்லார் முன்னாடியும் சாதியைச் சொல்லித் திட்டி விரட்டிட்டாங்க. ஸ்டேஷன்ல சமாதானமாப் போங்கன்னு சொல்றாங்க. கூலி கேஸ் வக்கீலே இதையும் பார்ப்பாரா? (பாடிக்கு, அதாவது பணியர் குடியிருப்புக்கு, பாடம் எடுக்கப் போற ஒரு டீச்சர்)

பதில்: டீச்சர், இது ரெண்டு விஷயம், ஒரே வக்கீல் ரெண்டும் பார்க்கலாம், ஆனா கலக்கக்கூடாது. கூலியைக் குடுத்துட்டு "புகாரை வாபஸ் வாங்கிக்கோ"ன்னு ஒரே பேப்பர்ல எழுதி நீட்டுவாங்க, அங்கதான் பசங்க மாட்டுறாங்க. வன்கொடுமைத் தடுப்புச் சட்டப் புகாருக்கு முதல்கட்ட விசாரணை பண்ணிட்டுத்தான் எஃப்.ஐ.ஆர். போடுவேன்னு சொல்ல முடியாது, 2018 திருத்தத்துல அதைத் தெளிவா எழுதிட்டாங்க. விசாரிக்க வேண்டியது டி.எஸ்.பி.தான். ஸ்டேஷன்ல புகாரை வாங்கலன்னா எஸ்.பி.க்கு எழுத்துல அனுப்புங்க. திட்டினப்போ சுத்தி யார் யார் இருந்தாங்க, அவங்க பேரை இன்னைக்கே குறிச்சு வைங்க, நாலு பேர் பார்க்குற இடத்துல நடந்துச்சாங்கிறதுலதான் இந்தக் கேஸ் நிக்கும். கோர்ட்ல அரசு வக்கீல்தான் நடத்துவார், நீங்க பிடிக்கிற வக்கீல் கூட இருந்து பார்த்துக்கிறவர், ஒவ்வொரு கட்டத்துலயும் பையன் சொல்றதைக் கேக்க வைக்கிறவர். அதனால குற்ற வழக்கு நடத்தின அனுபவம் இருக்குறவரா, பாடில போய் தரையில உக்காந்து பேசக் கூச்சப்படாதவரா பாருங்க. ரெண்டாவதுதான் கிடைக்கிறது கஷ்டம்.

கேள்வி: எங்க மகன் அமெரிக்காவுல நியூஜெர்சில. கலரைப் பார்த்துத்தான் வேலையை விட்டு எடுத்தாங்கங்கிறான். அங்க வக்கீல் பங்கு கேக்குறாராம். ஏமாத்துறாரா? (ஒரு அப்பா, கோத்தகிரி பக்கத்து ஹட்டி கிராமம்)

பதில்: இல்லய்யா, அங்க அது சட்டப்படி சரி, வேலை கேஸ்ல ஜெயிச்சா இத்தனை சதவீதம்னு பேசுறது சகஜம். எழுதி வாங்கச் சொல்லுங்க, செலவு யார் தலையில, தோத்தா என்னன்னு அதுல இருக்கணும். 1964 சிவில் ரைட்ஸ் சட்டப்படி போறதுன்னா கோர்ட்டுக்கு முன்னாடி ஈ.ஈ.ஓ.சி.ங்கிற கமிஷன்ல புகார் பதியணும், அதுக்கு 180 நாள், மாநிலத்துக்குன்னு தனி அமைப்பு இருந்தா 300 நாள், நியூஜெர்சில இருக்கு. கமிஷன் கேஸ் போடலாம்னு லெட்டர் குடுத்ததும் 90 நாள்தான். விசா வேலையோட கட்டியிருந்தா அந்த வக்கீலையும் தனியாப் பார்க்கணும், அதைத் தள்ளிப் போட வேணாம்னு சொல்லுங்க.

கேள்வி: பழைய வக்கீல் ஃபீஸ் பாக்கின்னு கேஸ் கட்டைத் தரமாட்டேங்கிறார். (ஊட்டி)

பதில்: பாக்கியைக் காட்டி கட்டைப் பிடிச்சு வைக்கிற உரிமை வக்கீலுக்கு இல்லன்னு 2000ல சுப்ரீம் கோர்ட் சொல்லிருச்சு. எழுத்துல கேளுங்க, தரலன்னா பார் கவுன்சிலுக்குப் புகார். ஆனா உண்மையிலேயே பாக்கி இருந்தா குடுத்துருங்க.