மணிக்கணக்கு குறைந்தால் நல்ல ஜெட்டா?

கேள்வி: ஐயா, எங்கள் குடும்ப நிறுவனத்துக்காக 2009-இல் தயாரான பழைய செஸ்னா சைட்டேஷன் மஸ்டாங் என்ற சிறிய ஜெட் விமானம் ஒன்றைப் பார்த்திருக்கிறோம். மொத்தமே 1,600 மணி நேரம்தான் பறந்திருக்கிறது. புதுப் பெயின்ட், உள்ளே புது லெதர். "இப்படி ஒன்று இனிமேல் கிடைக்காது, உடனே முன்பணம் கட்டுங்கள்" என்று தரகர் அவசரப்படுத்துகிறார். கட்டலாமா?

பதில்: கட்டலாம். ஆனால் பணம் எஸ்க்ரோ கணக்கில், அதாவது விற்பனை முடியும்வரை மூன்றாம் ஆள் பொறுப்பில், இருக்க வேண்டும். வாங்குமுன் செய்யும் ஆய்வில் உங்களுக்குத் திருப்தி இல்லையென்றால் முழுத்தொகையும் திரும்பி வரும் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

அந்த 1,600 மணிதான் எனக்கு உறுத்துகிறது. மஸ்டாங்கில் இருப்பவை பிராட் அண்ட் விட்னி பிடபிள்யூ615எஃப் எஞ்சின்கள். 3,500 மணியில் முழு ஓவர்ஹால், அதாவது எஞ்சினைப் பிரித்துப் புதுப்பிப்பது. பாதி வழியில், 1,750 மணியில், எரியறையையும் டர்பைனையும் திறந்து பார்க்கும் ஹாட் செக்‌ஷன் ஆய்வு. எஞ்சின்கள் மாற்றப்படாதவை என்றால் உங்களுக்கு மிச்சம் 150 மணிதான், அதுவும் இரண்டு எஞ்சினுக்கும் சேர்ந்தே வரும். பெரிய செலவு. எஞ்சின்கள் ஈஎஸ்பி மாதிரி மணிக்கு இவ்வளவு என்று கட்டும் திட்டத்தில் இருந்தால் கவலை குறையும். பாக்கி எதுவும் இல்லை, புது உரிமையாளர் பெயருக்கு மாறும் என்று அந்தத் திட்டத்தை நடத்தும் நிறுவனத்திடமிருந்தே கடிதம் கேளுங்கள். தரகர் வாய்வார்த்தை போதாது.

அப்புறம், இத்தனை வருடத்தில் 1,600 மணி என்றால் வருடத்துக்கு நூறு மணிகூடத் தேறுமா என்பது சந்தேகம். நின்றே கிடந்த விமானத்தில் சீல்கள் காயும், இறக்கையின் முன்விளிம்பில் பனியை உடைக்கும் ரப்பர் பூட்ஸ் வெடிப்பு விடும், தரைப் பலகைக்கு அடியில் அரிப்பு பிடிக்கும். பல ஆய்வுகள் மாதக் கணக்கிலும் வருபவை. பறந்தாலும் பறக்காவிட்டாலும் செய்தாக வேண்டும். புதுப் பெயின்ட் அந்த அரிப்பை மறைத்திருக்கலாம் என்பதால் நான் தகடுகளை இணைக்கும் ரிவெட் வரிசைகளை இன்னும் உற்றுப் பார்ப்பேன்.

ஆனால் விமானத்தைத் தொடுவதற்கு முன், பறந்த மணியும் செய்த பராமரிப்பும் பதிவாகும் லாக் புக்கைத்தான் கேட்பேன். பராமரிப்புப் பொறியாளராக இருந்த காலத்தில் ஒரு புத்தகம் என் மேசைக்கு வந்தது. பல வருடப் பதிவுகள், எல்லாம் ஒரே பேனா, ஒரே சாய்வு, ஒரு பக்கத்தில்கூட எண்ணெய்க் கறை கிடையாது. உட்கார்ந்து ஒரே மூச்சில் எழுதியது என்று பார்த்தவுடனே தெரிந்தது. அந்த விமானத்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நீங்களும் முதல் நாளிலிருந்து தொடர்ச்சி இருக்கிறதா, மணியும் தரையிறக்கமும் சீராக ஏறுகின்றனவா, நடுவில் மாதக்கணக்கில் இடைவெளி உண்டா என்று பாருங்கள். எஞ்சின் தகட்டில் பொறித்த சீரியல் எண்ணும் புத்தகத்து எண்ணும் ஒத்துப்போக வேண்டும். இரவல் எஞ்சின் மாட்டி விற்பதும் உண்டு.

முன்கொள்முதல் ஆய்வை இதுவரை அந்த விமானத்தைப் பராமரித்த பட்டறையிடம் கொடுக்காதீர்கள். தங்கள் வேலையில் தாங்களே குறை சொல்வார்களா? மஸ்டாங் தெரிந்த வேறு பட்டறையைப் பிடியுங்கள். ஃபேன் பிளேடுகளின் முன்விளிம்பை விரல் நகத்தால் வருடிப் பார்க்கச் சொல்லுங்கள். கல்லோ பறவையோ பட்ட சிறு பள்ளம் கண்ணுக்குத் தப்பினாலும் நகத்துக்குத் தப்பாது. எஞ்சினுக்குள்ளே போரோஸ்கோப் என்ற குழாய்க் கேமராவை விட்டு எடுத்த படங்களை உங்கள் கையில் வாங்குங்கள். பறக்கும் தகுதியைப் பாதிக்கும் குறைகளை விற்பவர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும் என்பது ஒப்பந்தத்தில் இருக்கட்டும். பதிவான நாட்டில் அடமானம் ஏதும் இருக்கிறதா என்பதை வழக்கறிஞர் பார்த்துக்கொள்வார்.

சோதனைப் பறப்பில் உங்கள் பைலட் 41,000 அடிவரை ஏறட்டும். அங்கே கேபினுக்குள் காற்றழுத்தம், 8,000 அடி உயரத்தில் வெளியே இருக்கும் அளவில் நிலையாக நிற்க வேண்டும்.

இதற்கெல்லாம் விற்பவர் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் வேறு பாருங்கள். 2017-இல் உற்பத்தி நிற்பதற்குள் 400-க்கும் மேற்பட்ட மஸ்டாங்குகள் வெளிவந்தன.