ஸ்டார்ட்அப் விசா என்றால் என்ன? அதை எதை வைத்துத் தருகிறார்கள்?

வேறொரு நாட்டுக்குப் போய்ப் புதிதாகத் தொழில் தொடங்கி, அதை நீங்களே நடத்துவதற்குக் கிடைக்கும் குடியிருப்பு அனுமதிதான் ஸ்டார்ட்அப் விசா. வேலை விசாவுக்குப் பொதுவாக ஒரு முதலாளி வேண்டும். முதலீட்டாளர் விசாவுக்குப் பெரிய தொகை வேண்டும். இங்கே முக்கியமாக எடை போடப்படுவது உங்கள் யோசனையும், அதைச் செய்து காட்டும் திறமையும்.

சரி, யோசனை தேறுமா என்று யார் சொல்வது? விசா அதிகாரி எல்லாத் தொழிலையும் அறிந்தவராக இருக்க முடியாது. அதனால் பல நாடுகள் இந்த மதிப்பீட்டை வல்லுநர்களிடம் விட்டுவிடுகின்றன. பிரிட்டனில் 2023-இல் வந்த இன்னோவேட்டர் ஃபவுண்டர் விசாவுக்கு, அரசு அங்கீகரித்த அமைப்பு ஒன்று உங்கள் திட்டம் புதியது, நடக்கக்கூடியது, வளரக்கூடியது என்று ஒப்புதல் தர வேண்டும். டென்மார்க்கில் ஒரு வல்லுநர் குழு திட்டத்தைப் பார்க்கிறது. வீட்டுக் கடன் தரும் வங்கி, பொறியாளரின் மதிப்பீட்டைக் கேட்டு வாங்குவது போலத்தான் இதுவும்.

ஆகவே உங்கள் உழைப்பில் பெரும்பகுதியை இந்த ஒப்புதலுக்கே போடுங்கள். வாடிக்கையாளர் யார், அவர் ஏன் பணம் கொடுப்பார், சந்தையில் இருப்பதிலிருந்து இது எப்படி வேறுபடுகிறது என்பதற்குத் தெளிவான பதில் வேண்டும். தெருவுக்குத் தெரு இருக்கும் கடையைப் போல இன்னொன்று நல்ல தொழிலாக இருக்கலாம், ஆனால் புதுமை என்ற சோதனையில் நிற்காது. அப்புறம் மொழித் தேர்வு, கைச்செலவுக்கான பணம் போன்றவை வழக்கமானவை.

கம்பெனியைப் பதிவு செய்துவிட்டால் விசா தானாக வந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். பிரிட்டனில் வெளிநாட்டில் இருந்தபடியே கம்பெனி பதிவு செய்யலாம், ஆனால் அது அங்கே வசிக்கும் உரிமையைத் தராது.