செப்புத் தகட்டில் பிளொட்டரால் நேரடியாகக் கோடு வரைய, ஃபைலை எப்படித் தயாரிப்பது?

தம்பி, யாழ்ப்பாணத்தில் வீட்டிலேயே பிளொட்டரால் (பேனையை நகர்த்திக் கோடு வரையும் இயந்திரம்) பிசிபி, அதாவது மின்சுற்றுப் பலகை, செய்வதாகவும், பக்கத்துப் பக்கத்து ஐசி (சிப்) கால்களுக்கான செப்பு இடங்கள் ஒட்டிப்போவதாகவும் கேட்டிருந்தீர்கள். பெரும்பாலும் பேனையின் தடிப்பில்தான் பிழை இருக்கும்.

முதலில் உங்கள் பேர்மனென்ட் மார்க்கரால் ஒரு தகட்டுத் துண்டில் கோடு வரைந்து, அகலத்தை அளந்து பாருங்கள். பேனையில் எழுதியிருக்கும் அளவை நம்பாதீர்கள், செப்பில் மை பரவும். சாதாரண ஐசியின் கால்களுக்கிடையே, நடுவுக்கு நடு, 2.54 மில்லிமீற்றர். பேட் (காலைப் பற்றவைக்கும் செப்பு வட்டம்) 2 மில்லிமீற்றர் என்றால் மிஞ்சும் இடைவெளி 0.54 மட்டுமே. ஃபைலில் பேனை 0.5 என்று கொடுத்துவிட்டு 0.8 கோடு விழுந்தால், அது 0.24 ஆகச் சுருங்கிவிடும். அப்புறம் ஒட்டாமல் என்ன செய்யும்? அளந்த எண்ணையே கொடுங்கள். பேட்டையும் 1.7 அளவுக்குக் குறைக்கலாம்.

அடுத்தது கண்ணாடிப் பிம்பம். மென்பொருள் கீழ்ப்பக்கத்தையும் மேலிருந்து பார்ப்பதுபோலவே காட்டும். ஆகவே செப்பில் நேரடியாக வரையும்போது கீழ்ப்பக்கத்தைக் கட்டாயம் திருப்ப வேண்டும். லேசர் பிரிண்டரின் டோனர் மையில் தாளில் அச்சிட்டு, அதைச் செப்பில் ஒட்டும் முறையில் திருப்பக் கூடாது. இரண்டையும் குழப்பித்தான் பலர் தகட்டை வீணாக்குகிறார்கள்.

எச்பிஜிஎல் (பிளொட்டருக்கான கட்டளை மொழி) ஃபைலில் ஒரு மில்லிமீற்றருக்கு 40 அலகு. 50 மில்லிமீற்றர் கோடு ஒன்றைத் தாளில் வரைந்து சரிபாருங்கள். பேட் நடுவில் சிறு துளை விட்டால் டிரில் வழுக்காது.

நம் கடற்காற்றில் செப்பு சீக்கிரம் கறுக்கும், வரைவதற்குச் சற்று முன்னர் தேய்த்துத் துடையுங்கள்.