கல்லூரி மாணவர்களுக்கு ஒளிச்சேர்க்கை நிஜமாகவே புரிந்ததா என்று எப்படிச் சோதிப்பது?

சமன்பாட்டைக் கேட்காதீர்கள், பள்ளியிலேயே மனப்பாடம் செய்திருப்பார்கள். 'வேப்பங்கன்று மரமானதே, அந்த எடை எங்கிருந்து வந்தது?' என்று கேளுங்கள். பலர் மண், உரம் என்பார்கள். 17ஆம் நூற்றாண்டிலேயே வான் ஹெல்மான்ட் என்ற விஞ்ஞானி தொட்டியில் வளர்த்த 5 பவுண்டு வில்லோ கன்று, 5 ஆண்டுகளில் 169 பவுண்டானது. மண் குறைந்தது 2 அவுன்ஸ்தான். எல்லாம் தண்ணீர் என்று முடிவுகட்டிவிட்டார் மனிதர்! உண்மையில் உலர் எடையில் (நீர் போக மிஞ்சும் எடையில்) பெரும்பங்கு காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடிலிருந்து வந்தது.

அப்புறம் இன்னொரு கேள்வி: பச்சைப்பயறை இருட்டில், ஈரப் பஞ்சில் முளைக்கவிட்டு, பிறகு காயவைத்து எடை போட்டால் கூடுமா, குறையுமா? முளை நீண்டிருப்பதைப் பார்த்து 'கூடும்' என்பவருக்குச் சுவாசம் பிடிபடவில்லை. சேமித்த மாவுச்சத்து எரிந்து கார்பன் டை ஆக்சைடாகப் போய்விடுவதால் எடை குறையும். காரணத்தையும் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் குருட்டாம்போக்கில் டிக் அடித்தவரும் தேறிவிடுவார்.