மாமியார் இருந்த தாய்-சேய் இல்லம்: வழக்கு வேண்டாம், கொடுப்பனவுக்கு விண்ணப்பியுங்கள்

வாசகியின் கடிதம் (சுருக்கம்):

யாழ்ப்பாணத்தில் பிறந்த நான் ஐரிஷ்காரர் ஒருவரை மணந்து இருபது ஆண்டுகளாக லண்டனில் வசிக்கிறேன். என் மாமியாருக்கு 78 வயது. 1960களில் மணமாகாமல் தாயான பெண்களிடமிருந்து பிள்ளைகளைப் பறித்துத் தத்துக்கொடுத்த கதையைச் சொல்லும் தொலைக்காட்சித் தொடர் ஒன்றை நாங்கள் சேர்ந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, அவர் எழுந்துபோய் அறைக்கதவைச் சாத்திக்கொண்டார். தமக்குப் பதினெட்டு வயதில், அயர்லாந்தில் மணமாகாத தாய்மாருக்கெனக் கன்னியர் (கன்னியாஸ்திரிகள்) நடத்திய தாய்-சேய் இல்லம் ஒன்றில் தம்மை விட்டார்கள் என்றும், அங்கு பிறந்த பெண்பிள்ளையைப் பத்து மாதம் பாலூட்டி வளர்த்தபின் ஒரு காலையில் தூக்கிக்கொண்டு போனார்கள் என்றும் அன்றிரவு சொன்னார். கன்னியர்மீது வழக்குப் போட வேண்டும் என்று நிற்கிறார் என் கணவர். தொடரில் வரும் பல காட்சிகள் மாமியின் கதையேதான். தயாரிப்பாளர்மீதும் வழக்குப் போடலாமா? மாமியோ, பணம் வந்தால் ஒரு சதமும் தமக்கு வேண்டாம், பேரப்பிள்ளைகளுக்கே கொடுப்பேன் என்கிறார். அவர் கவுன்சில் (உள்ளூராட்சிச் சபை) வீட்டில், வருமானம் குறைந்த முதியோருக்கு அரசு தரும் பென்ஷன் கிரெடிட்டில் வாழ்பவர்.

பதில்:

தங்கள் கடிதத்தின் பெரும்பகுதி, மாமியாரைக் கொண்டுபோய் விட்ட தகப்பனாரையும், வழிகாட்டிய பங்குத்தந்தையையும், பிள்ளையைத் தூக்கிச் சென்ற கன்னியரையும் பற்றியது. ஒரு வரி விடாமல் படித்தேன். அவர் சொல்வதில் எனக்கு ஐயம் இல்லை. ஆனால் அவர்களில் எவரும் இன்று உயிருடன் இல்லை என்று தாங்களே எழுதியிருக்கிறீர்கள். சட்டத்தில் பெறுமதியுள்ள செய்தி, கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் தாங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வாக்கியம்: பிரசவத்துக்கு நான்கு மாதம் முன்பு உள்ளே போனார், பிள்ளை போன மறுநாள் வெளியே வந்தார். ஏறத்தாழ பதினான்கு மாதங்கள். அந்தப் பதினான்கு மாதங்களை எந்தப் பதிவேடு காட்டும் என்பதே தங்கள் முன்னுள்ள ஒரே சட்டக் கேள்வி.

அயர்லாந்து 2023 ஆம் ஆண்டு இயற்றிய சட்டத்தின்கீழ், தாய்-சேய் இல்லங்களில் இருந்தவர்களுக்கான கொடுப்பனவுத் திட்டம் 2024 மார்ச் 20 அன்று திறக்கப்பட்டது; ஐந்து ஆண்டுகளுக்குத் திறந்திருக்கும்; வெளிநாட்டில் வாழ்பவரும் விண்ணப்பிக்கலாம். சட்டத்தின் அட்டவணையில் பெயருள்ள இல்லமாக இருக்க வேண்டும். தாங்கள் குறிப்பிட்ட இல்லம் அதில் இருக்கிறது. தாய்மாருக்கு மூன்று மாதத்துக்குக் குறைந்த தங்கலுக்கு 5,000 யூரோவில் தொடங்கி, தங்கிய காலத்துக்கு ஏற்ப 65,000 யூரோ வரை பொதுக் கொடுப்பனவு உயர்கிறது. வற்புறுத்தப்பட்டதையோ கொடுமைப்படுத்தப்பட்டதையோ அவர் நிரூபிக்க வேண்டியதில்லை. அங்கு இருந்தார் என்பதே போதும்.

வழக்கு மன்றத்தில் நிலைமை நேர்மாறானது. அங்கு வற்புறுத்தலை நிரூபித்தே ஆகவேண்டும். அதற்கு முன் காலவரையறையைத் தாண்டவேண்டும். உடலுக்கோ மனத்துக்கோ நேர்ந்த தீங்குக்கான வழக்கை, தீங்கை அறிந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் தொடுக்க வேண்டும் என்பது அயர்லாந்தின் பொது விதி. இங்கு கடந்திருப்பதோ ஏறக்குறைய அறுபது ஆண்டுகள். இதற்கு மேல், இந்த இல்லங்களைப் பற்றி 2021 ஜனவரியில் வெளியான விசாரணை ஆணைக்குழுவின் அறிக்கை, அந்தத் தாய்மாருக்கு வேறு வழி அதிகம் இருக்கவில்லை என்பதை ஏற்றுக்கொண்டே, அதைக் கட்டாயத் தத்து என்று சொல்ல முடியாது என்று எழுதியது. அந்த அறிக்கை தொடர்பாக, உயிர்தப்பிய பெண்களிடம் வரைவைக் காட்டிக் கருத்துக் கேட்காதது சட்டத்துக்குப் புறம்பானது என்று அதே ஆண்டு டிசம்பரில் டப்ளின் உயர் நீதிமன்றத்தில் அறிவிக்கப்பட்டது உண்மை; அந்தப் பெண்களின் துணிவை நான் மிக மதிக்கிறேன். ஆனாலும் எதிர்த்தரப்பு அந்த அறிக்கையைத்தான் முதலில் எடுத்து வைக்கும். திட்டத்தின் தொகையை ஏற்கும்போது, அரசின்மீது இனி வழக்குத் தொடரமாட்டேன் என்ற உரிமைத் துறப்பு ஆவணத்தில் மாமியார் கையொப்பமிட வேண்டும். தங்கள் கணவர் தயங்குவது இந்த இடத்தில்தான். தயங்க வேண்டாம் என்பதே என் ஆலோசனை. வெல்ல வழியில்லாத ஒரு வழக்கின் உரிமையைக் கொடுத்து, உறுதியான ஒரு தொகையைப் பெறுகிறார். 78 வயதில் இதைவிட நல்ல இணக்கத்தை எந்தச் சட்டத்தரணியாலும் வாங்கித்தர முடியாது.

தொடரின் தயாரிப்பாளர்மீது வழக்குக்கு இடமில்லை. ஆயிரக்கணக்கான பெண்களுக்கு நேர்ந்ததைக் காட்டியவர் மாமியாரின் கதையை எடுத்தவர் ஆகமாட்டார். ஆனால் அந்தத் தொடர் வேறொரு வகையில் என்னைக் கவலைப்பட வைக்கிறது. பதிவேடுகள் போதாதபோது, விண்ணப்பதாரர் தம் தங்கலைச் சத்தியக்கடதாசியில் எழுதித் தரவேண்டும். அறுபது ஆண்டு மௌனத்துக்குப் பிறகு, ஒரு நாடகத்தைப் பார்த்த அதிர்ச்சியில் வாய்திறந்த ஒருவரின் நினைவில், அவர் கண்டதும் திரையில் கண்டதும் கலந்துவிடுவது இயல்பு. அவர் பொய் சொல்வதாக நான் கருதவில்லை. ஆனால் சலவையறையின் அமைப்பு, கன்னியரின் பெயர், பிள்ளையை ஏற்றிய காரின் நிறம் போன்ற விவரங்கள் பதிவேட்டோடு முரண்பட்டால், சரியாகச் சொன்ன திகதிகளும் ஐயத்துக்கு உள்ளாகும். ஆகவே தொடரை மேலும் பார்க்க வேண்டாம் என்று அவரிடம் பணிவாகச் சொல்லுங்கள். நினைவில் உள்ளதை அவர் தம் வாயால் சொல்லட்டும், தாங்கள் எழுதிக்கொள்ளுங்கள், கேள்வி கேட்டு நிரப்ப வேண்டாம். தெரியாத இடத்தில் “தெரியாது” என்றே எழுதப்படவேண்டும். முதலில் பதிவேட்டைக் கேட்டுப் பெறுங்கள், சத்தியக்கடதாசி பிறகு.

இனி, கட்சிக்காரர்கள் விழுந்து எழ முடியாமல் தவித்ததை நான் கண்ட குழிக்கு வருகிறேன். தயவுசெய்து இந்தப் பகுதியைக் கணவருக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

அயர்லாந்தில் வாழும் ஒருவருக்கு இந்தக் கொடுப்பனவு சமூக நல உதவிகளைக் குறைக்காது. அதை அங்குள்ள சட்டமே எழுதிவைத்திருக்கிறது. பிரித்தானியாவில் வாழ்பவருக்கு அந்தப் பாதுகாப்பை இந்நாட்டுச் சட்டம் தனியாகத் தரவேண்டும். அப்படித் தரவேண்டும் என்பதற்காகவே, அயர்லாந்தின் அத்தகைய இல்லமொன்றில் மகனைப் பறிகொடுத்த பிலோமினா லீயின் பெயரால் ஒரு தனிநபர் மசோதா 2025 இல் பிரித்தானியப் பாராளுமன்றத்துக்குக் கொண்டுவரப்பட்டது. மாமியார் கையொப்பமிடும் நாளில் விலக்கு நடைமுறையில் உண்டா என்பதை எழுத்தில் உறுதிசெய்யாமல் அவர் பேனாவைத் தொடக்கூடாது. விலக்கு இல்லையெனில், வங்கிக்கு வரும் அந்தத் தொகை அவருடைய சேமிப்பாகவே கணிக்கப்படும்.

கணக்கைப் பாருங்கள். பென்ஷன் கிரெடிட்டில் 10,000 பவுணுக்கு மேலுள்ள ஒவ்வொரு 500 பவுணும் வாரம் ஒரு பவுண் வருமானமாகக் கருதப்படும். மாமியாரிடம் இப்போது 4,000 பவுண் இருக்கிறது. இன்னும் 20,000 பவுண் வருகிறது என்று வையுங்கள். வாரத்துக்கு 28 பவுண் வருமானம் உள்ளவராக அவர் ஆகிவிடுவார். பென்ஷன் கிரெடிட்டில் அவர் பெறும் உத்தரவாதத் தொகை (வருமானத்தைக் குறித்த மட்டம்வரை நிரப்பும் வாரப் பணம்) அதைவிடக் குறைவாக இருந்தால், அது முற்றாக நின்றுவிடும். அத்தோடு முடிந்தால் பரவாயில்லை. அந்த உத்தரவாதத் தொகையைப் பெறும்வரை ஹவுசிங் பெனிபிட்டுக்கு (வாடகைக்கான உதவி) சேமிப்பு பார்க்கப்படுவதில்லை. அது நின்ற நாளிலிருந்து 16,000 பவுண் என்ற வரம்பு வந்துவிடும், வீட்டு வாடகை முழுவதும் அவர் தலையில் விழும். வாரம் பத்துப் பவுண் பெற்றுக்கொண்டிருந்தவர் அந்தப் பத்தையும் இழந்து, வாடகையையும் கட்டவேண்டி வரும்.

இதைக் கேட்டதும் குடும்பங்கள் செய்வது எல்லாம் ஒன்றுதான்: பணத்தை உடனே பிள்ளைகளின் பெயருக்கு மாற்றிவிடுகின்றன. மாமியார் அன்பினால் செய்ய நினைப்பதும் அதுவே. இதைச் செய்யவே கூடாது. உதவியைப் பெறும் நோக்கில் ஒருவர் பணத்தைக் கைமாற்றினால், அந்தப் பணம் இன்னும் அவரிடமே இருப்பதாகக் கருதும் அதிகாரம் பென்ஷன் சேவைக்கும் கவுன்சிலுக்கும் உண்டு. கையில் இல்லாத பணத்துக்காக உதவி வெட்டப்படும். நாளை அவர் கெயார் ஹோமுக்கு (முதியோர் பராமரிப்பு இல்லம்) போக நேர்ந்தாலும் இதே விதிதான். இங்கிலாந்தில் 23,250 பவுணுக்கு மேல் சேமிப்புள்ளவர் செலவு முழுவதையும் தாமே ஏற்கவேண்டும், பேரனுக்குக் கொடுத்த தொகையையும் கவுன்சில் அந்தக் கணக்கில் சேர்க்கலாம். ஏழு ஆண்டுகள் கடந்தால் கேட்கமாட்டார்கள் என்று பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அந்த ஏழு ஆண்டு மரணவரிக்கு உரியது. கெயார் கணக்கில் அப்படி ஒரு எல்லை கிடையாது. என் அலுவலகத்துக்கு வந்த ஒரு மூதாட்டி, வேறொரு நட்டஈட்டுத் தொகையை மூன்று பேரப்பிள்ளைகளுக்கும் பிரித்துக் கொடுத்துவிட்டு, ஓராண்டுக்குப் பின் அவர்களிடமே திருப்பிக் கேட்க நேர்ந்தது. அதில் ஒருவர் தரவில்லை. அந்தக் குடும்பத்தில் அதற்குப் பிறகு பேச்சு வார்த்தை இல்லை.

கடன் இருந்தால் அடைக்கலாம், தமக்குத் தேவையான கட்டில், செவிப்புலக் கருவி, ஒரு முறை அயர்லாந்தின் கோர்க்குக்குப் போய்வரும் செலவு ஆகியவற்றை நியாயமான அளவில் செய்யலாம், பற்றுச்சீட்டுகளை வைத்திருங்கள். பணம் வந்த செய்தியைப் பென்ஷன் சேவைக்கும் கவுன்சிலுக்கும் உடனே அறிவியுங்கள், மறைத்தால் குற்றமாகும். தொகை அறிவிக்கப்பட்டபின் ஏற்றுக்கொள்ள ஆறு மாத அவகாசம் உண்டு. அந்த ஆறு மாதத்தை நலஉதவி ஆலோசகர் ஒருவரோடு இருந்து கணக்குப் பார்ப்பதற்குப் பயன்படுத்துங்கள். அவசரத்துக்குக் காரணம் இல்லை: 2021 ஜனவரி 13 அன்றோ அதற்குப் பிறகோ இறந்தவர்களின் சார்பிலும் விண்ணப்பிக்கச் சட்டம் இடம் தருகிறது.

மகளைப் பற்றி. 2022 ஆம் ஆண்டின் பிறப்புத் தகவல் சட்டம், தத்துக்கொடுக்கப்பட்டவருக்குத் தம் பிறப்புச் சான்றிதழைத் தடையின்றிப் பெறும் உரிமையைத் தந்திருக்கிறது. பெற்ற தாய்க்கு மகளின் புதுப் பெயரை அறியும் உரிமையைத் தரவில்லை. இது கொடியது என்று மாமியார் சொன்னால் நான் மறுக்கமாட்டேன். அவர் செய்யக்கூடியது, அயர்லாந்தின் மகவேற்பு (தத்து) அதிகாரசபை நடத்தும் தொடர்பு விருப்பப் பதிவேட்டில் தம் பெயரைப் பதிந்து, தேடித்தரும்படி விண்ணப்பிப்பது. மகள் சம்மதித்தால் மட்டுமே சந்திப்பு நடக்கும். இணையத்தில் தாங்களாகத் தேடி, முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் வாசலில் போய் நிற்க வேண்டாம். தாம் தத்துப்பிள்ளை என்பதே அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். 180 நாட்களுக்கு மேல் அங்கு இருந்த பிள்ளை என்பதால் மகளுக்கும் தனியாகக் கொடுப்பனவு உண்டு. அதை அவரே கேட்கவேண்டும். மாமியாரின் தங்கலைக் காட்டும் பதிவேடு ஒருநாள் அவருக்கும் சான்றாகும் என்பதால் அதன் பிரதியைப் பத்திரப்படுத்துங்கள்.

பென்ஷன் கிரெடிட் பற்றிய கடைசிக் கடிதத்தையும், கவுன்சிலின் ஹவுசிங் பெனிபிட் கடிதத்தையும், வங்கிக் கூற்றையும் எனக்கு அனுப்பிவையுங்கள். உத்தரவாதத் தொகை வாரம் எவ்வளவு என்று கண்டபின்பே எப்போது கையொப்பமிடலாம் என்று சொல்ல முடியும்.