கம்ப்யூட்டரில் 52, படிவத்தில் 44

கேள்வி: சென்னையில் ஐ.டி. வேலையில் இருக்கிறேன், வயது 41. ஐந்து மாதத்துக்கு முன்பு சென்னை அமைப்பாளர் ஒருவர், ஆளுக்கு ரூ.1,85,000 வாங்கிக்கொண்டு எங்கள் ஐந்து பேரை மட்டக்களப்புக்கு அழைத்துப் போனார். 1942-இல் ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த ஹெர்மிஸ் விமானந்தாங்கிக் கப்பலில் டைவ். இவ்வளவு ஆழத்தில் இருந்து நேராக மேலே வர முடியாது. உடலில் கரைந்த வாயு வெளியேற வழியில் நின்று நின்று ஏற வேண்டும், அதுதான் டெக்கோ. அப்படி ஏறும்போது 21 மீட்டரில், அதற்கென்று வைத்திருந்த டெக்கோ சிலிண்டரின் ரெகுலேட்டர் (சுவாசக் குழாய்க் கருவி) நிற்காமல் வாயுவைக் கொட்டித் தீர்த்துவிட்டது. முதுகுச் சிலிண்டரில் இருந்ததை வைத்து முடிந்தவரை நின்றேன். கடைசி 17 நிமிட நிறுத்தம் பாக்கி இருக்கும்போதே மேலே வர வேண்டியதாயிற்று. படகில் இருந்த ஆக்சிஜன் பத்து நிமிடத்தில் தீர்ந்தது. இரவு இடது கால் மரத்துப்போனது. "அசதி, தூங்குங்கள்" என்றார் அமைப்பாளர். மறுநாள் திருகோணமலை கடற்படைத் தளத்தில் அழுத்த அறைச் சிகிச்சை. இன்றும் கைத்தடியோடுதான் நடக்கிறேன், செலவு ரூ.5.2 லட்சம் தாண்டிவிட்டது. மருத்துவமனைக்கு ஒருவரும் வரவில்லை, வாட்ஸ்அப் குழுவில் இருந்தும் நீக்கிவிட்டார்கள். அவரைச் சிறைக்கு அனுப்ப முடியுமா? ரூ.4 லட்சம் தருவதாகச் சொல்கிறார். பதிவை ஆராய என் டைவ் கம்ப்யூட்டரை, அதாவது ஆழத்தையும் நேரத்தையும் பதியும் கைக்கருவியை, அனுப்பச் சொல்கிறார். நான் இறங்கியது 52.6 மீட்டர், ஆனால் என் டைவிங் சான்றிதழ் 45 மீட்டர் வரைதான். அதனால் காப்பீட்டுப் படிவத்தில் 44 என்று எழுதச் சொல்கிறான் நண்பன். என்ன செய்வது?

பதில்: பார்க்க யாரும் வராதது மனதை அறுக்கும். வழக்குக்கு அதனால் பயன் எதுவும் இல்லை, அந்தப் பக்கங்களை ஒதுக்கிவிடுகிறேன். போலீஸ் பேச்சையும் விடுங்கள். சம்பவம் நடந்தது இலங்கைக் கடலில். வெளிநாட்டில் இந்தியர் செய்த குற்றத்தை இங்கே நீதிமன்றம் விசாரிக்க மத்திய அரசின் முன் அனுமதி வேண்டும். அதற்கு அலைந்து நீங்கள் காணப்போவது ஒன்றுமில்லை. உங்களுக்கு வேண்டியது இழப்பீடு.

நீங்கள் அனுப்பிய பதினொரு இணைப்புகளில் ஒரு புகைப்படத்தை மட்டும் நான் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். டைவுக்கு முதல் நாள் இரவு, விடுதி மேசை. ஒரு டீ கிளாஸ், டார்ச், நடுவே வெள்ளை ஸ்லேட். பென்சிலில் 53 மீட்டர், 25 நிமிடம். 21 மீட்டரில் 50 சதவீத நைட்ராக்ஸுக்கு, அதாவது பாதி ஆக்சிஜன் உள்ள டெக்கோ வாயுவுக்கு, மாற்றம். அதன் கீழே நிறுத்தங்கள் ஒரே பத்தியில். வலது பாதி ஸ்லேட் காலி. அந்தக் காலி இடம்தான் உங்கள் வழக்கு.

ரெகுலேட்டர் கோளாறாவதற்குச் சட்டம் யாரையும் தண்டிக்காது. இயந்திரம் என்றால் கெடும். கெடும் என்று எல்லோருக்கும் தெரிந்த ஒன்றுக்குப் பதில் தயாராக இல்லாமல் ஆளைக் கடலில் இறக்குவதுதான் கவனக்குறைவு. டெக்கோ டைவ் சொல்லிக்கொடுக்கும் எந்த வகுப்பிலும் திட்டம் ஒரு பத்தியோடு முடியாது. நினைத்ததைவிட 3 மீட்டர் ஆழம் போனால் என்ன, 5 நிமிடம் கூடினால் என்ன, டெக்கோ வாயு போய்விட்டால் என்ன என்று பக்கத்திலேயே மாற்று அட்டவணை இருக்கும். வாயு போனால் நிறுத்த நேரம் நீளும். அந்த நீளத்துக்கு முதுகுச் சிலிண்டரில் காற்று மிஞ்சுமா, இல்லை கூட வருபவரின் டெக்கோ சிலிண்டரை மாறி மாறி எடுக்க வேண்டுமா என்பதை அந்த மேசையில் முடிவு செய்திருக்க வேண்டும். படகில் ஆக்சிஜன் தீர்ந்ததும் இதே குறைதான். தவறு முந்தின இரவிலேயே நடந்துவிட்டது, தண்ணீரில் நடந்தது அதன் விளைவு.

சரி, அந்தக் கணக்கைப் போட வேண்டியது யார்? "டெக்னிக்கல் டைவிங்கில் (இப்படி டெக்கோ நிறுத்தங்களோடு செய்யும் ஆழ டைவில்) அவரவர் திட்டம் அவரவர் பொறுப்பு" என்றுதான் அமைப்பாளரின் வழக்கறிஞர் ஆரம்பிப்பார். பயிற்சிப் புத்தகங்களும் அப்படித்தான் சொல்கின்றன, ஆகவே அது வெறும் சாக்கு என்று நினைக்காதீர்கள். அதற்குப் பதில் உங்களிடமே இருக்கிறது. பணம் கட்டும் முன் அவர் அனுப்பிய செய்தி: "பிளான், கேஸ், டெக்கோ எல்லாம் நாங்க பாத்துக்குறோம், நீங்க வந்தா போதும்." அந்தச் சேவையைத்தான் விலைக்கு விற்றார். ஒரு தொழிலைச் செய்பவரிடம் அந்தத் தொழிலின் சராசரித் திறமையாவது இருக்க வேண்டும் என்பது ஜேக்கப் மேத்யூ வழக்கில் 2005-இல் உச்ச நீதிமன்றம் மருத்துவர்களை முன்னிட்டுச் சொன்ன அளவுகோல். அதே அளவுகோலை இங்கேயும் வைக்கலாம். இந்தச் செய்தியும் அந்தப் புகைப்படமும் இருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகாருக்கு அடித்தளம் இருக்கிறது. நீங்கள் வசிக்கும் சென்னையிலேயே போடலாம். கையெழுத்துப் போட்ட "எல்லா ஆபத்தும் என்னுடையது" படிவத்தைக் கண்டு பயப்பட வேண்டாம். ஆனால் அதை 'நியாயமற்ற ஒப்பந்தம்' என்று புகாரில் தனிக் கோரிக்கையாக எழுதிவிடாதீர்கள். அந்த அதிகாரம் மாவட்ட ஆணையத்துக்குக் கிடையாது, மாநில ஆணையத்துக்குப் போக வேண்டிவரும். வழக்குக் கட்டு அங்கும் இங்கும் அலையும், காலம் போகும்.

இனி நான் உண்மையில் கவலைப்படும் விஷயத்துக்கு வருகிறேன். அது உங்கள் நண்பரின் யோசனை.

44 என்று எழுதவே எழுதாதீர்கள். உங்கள் கம்ப்யூட்டர் 52.6 மீட்டர் என்று பதிந்து வைத்திருக்கிறது. திருகோணமலையில் சிகிச்சைக் குறிப்பின் முதல் வரியிலும் ஆழம் இருக்கும், டாக்டர் முதலில் கேட்பதே அதைத்தான். காப்பீட்டு நிறுவனம் இந்த இரண்டையும் கேட்டு வாங்கும். அப்போது கோரிக்கை போவதோடு நிற்காது, பொய்ப் படிவம் கொடுத்ததற்கு ஏமாற்றுதல் குற்றச்சாட்டும் வரலாம். அதைவிட மோசம், அதே படிவத்தின் நகல் அமைப்பாளரின் கைக்குப் போய்ச் சேரும்.

இதை ஒரு முறை கண்ணால் பார்த்தேன். அந்தமானில் டைவ் செய்து காயமடைந்த ஒருவர், நல்ல மனிதர், காப்பீட்டுப் பணம் வர வேண்டும் என்பதற்காக "பயிற்சியாளர் கடைசிவரை உடன் இருந்தார்" என்று படிவத்தில் எழுதியிருந்தார். ஆணையத்தில் கொடுத்த புகாரில் "பயிற்சியாளர் விட்டுவிட்டுப் போனார்" என்றார். இரண்டாவதுதான் உண்மை. எதிர்தரப்பு வக்கீல் நீண்ட வாதம் எதுவும் செய்யவில்லை. படிவத்தின் நகலை மேலே வைத்தார், இரண்டு வரிகளை மஞ்சள் மையால் கோடிட்டிருந்தார். என் கட்சிக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். அதன்பின் அவர் சொன்ன எந்த உண்மையும் எடுபடவில்லை.

45 மீட்டர் சான்றிதழை மறைக்க வேண்டிய அவசியமே இல்லை. அதைத் தெரிந்துகொண்டே 53 மீட்டருக்கு அழைத்துப் போனது அவர் மீதான குற்றச்சாட்டில் ஒரு பங்கு. ஆனால் தெரிந்துகொண்டே போனீர்கள் என்பது உங்கள் பங்கு. பங்குக் கவனக்குறைவு என்று சொல்லி ஆணையம் தொகையைக் குறைக்கும், குறைக்கத்தான் செய்யும். பாலிசியில் சான்றிதழ் அளவைத் தாண்டிய டைவுக்கு விலக்கு இருந்தால் காப்பீட்டுப் பணம் வராது. வருத்தம்தான், ஆனாலும் 52.6 என்றே எழுதுங்கள்.

அடுத்தது அந்தக் கம்ப்யூட்டர். அனுப்பாதீர்கள். நல்ல எண்ணத்தில் கேட்கிறார் என்றே வைத்துக்கொள்வோம், அப்போதும் அனுப்பாதீர்கள். புது டைவ் போகப்போகப் பழைய பதிவு அழியும். சர்வீஸுக்குப் போனால் கருவியையே மாற்றிக் கொடுத்துவிடுவதும் உண்டு. பதிவை ஒரு நிபுணரை வைத்து இறக்கி, மின்னணுப் பதிவைச் சாட்சியமாக ஏற்கத் தேவைப்படும், 2023-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவுச் சான்றிதழோடு பத்திரப்படுத்துங்கள். ஆணையம் சாட்சியச் சட்டத்தைக் கறாராகப் பின்பற்றுவதில்லை, ஆனாலும் மேல்முறையீட்டில் யாரும் கேள்வி கேட்க இடம் வைக்கக் கூடாது. ஸ்லேட் படத்தின் அசல் உங்கள் போனிலேயே இருக்கட்டும். வாட்ஸ்அப் வழியாக வந்த நகலில் எடுத்த தேதியும் நேரமும் தங்காது.

ஒரு எச்சரிக்கை. அந்தப் பதிவு உங்களுக்கு எதிராகவும் பேசலாம். 21 மீட்டரில் நைட்ராக்ஸுக்கு மாறியதாகக் கருவியில் அழுத்தியிருப்பீர்கள். ரெகுலேட்டர் கொட்டியதும் முதுகுச் சிலிண்டருக்குத் திரும்பினீர்களே, அதைக் கருவிக்குச் சொன்னீர்களா? சொல்லாமல் விட்டிருந்தால் நீங்கள் நைட்ராக்ஸ் சுவாசிப்பதாக நினைத்தே அது நிறுத்த நேரத்தைக் குறைத்துக் காட்டியிருக்கும். பாக்கி 17 நிமிடம் என்பது உண்மையில் அதைவிட அதிகமாக இருந்திருக்கும். அந்தப் பதற்றத்தில் விரல் அந்தப் பொத்தானுக்குப் போயிருக்காது என்பது எனக்குப் புரிகிறது. எதிர்தரப்பின் வினாப்பட்டியலில் இது முதல் கேள்வியாக வரும் என்பதும் தெரிகிறது. இரவு கால் மரத்த பிறகும் காலைவரை காத்திருந்தது இரண்டாவது கேள்வி. இவற்றைப் புகார் போட்ட பிறகு தெரிந்துகொள்ளாதீர்கள், இப்போதே பாருங்கள்.

இதையெல்லாம் வைத்துத்தான் சொல்கிறேன், சமரசத்துக்குப் போங்கள். வழக்கு பலவீனமானது என்று சொல்லவில்லை. ஆனால் அதை நிரூபிக்க இந்தத் துறை அறிந்த நிபுணர் ஒருவர் உங்களுக்காகச் சாட்சி சொல்ல வேண்டும். இங்கே டெக்னிக்கல் டைவிங் கற்றுத்தருபவர்கள் மிகச் சிலர், ஒருவரையொருவர் அறிந்தவர்கள். உங்கள் பக்கம் வந்து நிற்க யாரும் எளிதில் முன்வர மாட்டார்கள். சிக்கலான வழக்கு, சிவில் நீதிமன்றத்துக்குப் போ என்று ஆணையம் கைவிரிக்கவும் வாய்ப்பு உண்டு. நாலு லட்சம் போதாது, செலவே அதைத் தாண்டிவிட்டது. ஒன்பதில் ஆரம்பியுங்கள், ஏழுக்குக் குறையாமல் முடிந்தால் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆனால் இந்த மாதமே கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். தண்டுவடத்தைத் தாக்கிய டெக்கோ பாதிப்பு மாதக்கணக்கில் மெல்ல மாறும், தேறலாம், தேறாமலும் போகலாம். நரம்பியல் மருத்துவரிடம் ஊனம் எத்தனை சதவீதம் என்ற சான்று வாங்கிய பிறகு பேசுங்கள். காலவரையறை இரண்டு வருடம், உங்களுக்கு இன்னும் 19 மாதம் இருக்கிறது. "வருங்கால மருத்துவச் செலவு உட்பட அனைத்தும் தீர்ந்தது" என்ற வரி பத்திரத்தில் இருந்தால் அடித்துவிட்டு, அதற்கென்று தனித்தொகை எழுதச் சொல்லுங்கள். அப்புறம், காப்பீட்டுக் கோரிக்கை நிலுவையில் இருக்கும்போது அமைப்பாளரை முழுவதும் விடுவித்துவிட்டால், அவரிடம் பணத்தை மீட்கும் எங்கள் உரிமையைக் கெடுத்துவிட்டீர்கள் என்று காப்பீட்டு நிறுவனம் கையை விரிக்கலாம். பாலிசியில் அந்த ஷரத்து இருக்கிறதா என்று பார்த்து, அவர்களுக்கு எழுத்தில் தெரிவித்த பிறகே பத்திரத்தில் பேனாவை வையுங்கள்.