யாக்கோபு 2: உங்கள் முதல் பிரசங்கத்துக்கு

சகோதரரே, கிருஷ்ணகிரி சபையில் யாக்கோபு 2-ஆம் அதிகாரத்தைப் பிரசங்கிக்கப் போவதாகவும், 'கிரியை இல்லாத விசுவாசம் செத்தது' என்றால் கிருபைக்கு, அதாவது தேவன் தகுதி பாராமல் தரும் தயவுக்கு, என்ன இடம் என்று தடுமாறுவதாகவும் எழுதியிருந்தீர்கள். திருச்சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தரும் தடுமாறினார், 1522-இல் யாக்கோபின் நிருபத்தை 'வைக்கோல் நிருபம்' என்றே எழுதினார். ஆனால் 1520-லேயே, கனி மரத்தை உண்டாக்குவதில்லை, மரமே கனி தருகிறது என்று விளக்கியிருந்தார். மரம் விசுவாசமுள்ள மனிதன், கனி அவனுடைய கிரியைகள். உங்கள் ஊர் மாந்தோப்புக்காரர்களுக்கு இது உடனே புரியும். பட்ட மரத்தில் மாம்பழத்தைக் கட்டித் தொங்கவிட்டால் மரம் துளிர்க்குமா?

பிரசங்கத்தில் நியாயப்பிரமாணம், அதாவது தேவன் நம்மிடம் கேட்பது, முதலில் மனதைக் குத்தட்டும். ஆனால் குத்துண்டவர்களை அப்படியே வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள். அப்படிப்பட்ட பிரசங்கங்களைக் கேட்டு நான் பல ஞாயிறுகள் நொந்து திரும்பியிருக்கிறேன். கிறிஸ்து நமக்காகச் செய்ததைச் சொல்லும் சுவிசேஷத்தைச் சொல்லிவிட்டு, எபேசியர் 2:8 முதல் 10 வரை நிறுத்தாமல் வாசியுங்கள். எட்டிலும் ஒன்பதிலும் கிருபையால் வரும் இரட்சிப்பு, பத்தாம் வசனத்தில்தான் நற்கிரியைகள் வருகின்றன.